அனுப்பியவனின் பொறுப்பு

தான் எழுதாத ஒரு செய்தியைக் கைத்தொலைபேசி வழியே பிறருக்கு அனுப்பியவன், அதனால் விளைந்த தீங்குக்குப் பொறுப்பாளி ஆவானா என்னும் கேள்வி, மாத்தளை மாவட்டத்தாருக்கு வெறும் தர்க்க விஷயம் அன்று. 2018 பெப்ரவரி இறுதியில், அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக்கடையில், கறியில் கிடந்த மாவுக்கட்டியை மலடாக்கும் மாத்திரை என்று சொல்லிக் கூட்டம் சூழ்ந்துகொள்ள, சிங்களம் சரிவரத் தெரியாத அவர் அச்சத்தால் தலையசைக்க, அந்தத் தலையசைப்பே குற்ற ஒப்புதலாக முகநூலில் நாடெங்கும் சுற்றியது. அது மாவுதான் என்று அரசாங்கப் பகுப்பாய்வாளர் பின்னர் உறுதிசெய்தார். அப்படியொரு மாத்திரை மருத்துவ உலகில் இல்லவே இல்லை. ஆயினும் சந்தேகம் முன்னரே வேரோடிவிட்டது. தெல்தெனியவில் தாக்கப்பட்ட லொறிச் சாரதி ஒருவரின் மரணத்தை முன்னிட்டு மார்ச் தொடக்கத்தில் முஸ்லிம்களுக்கு எதிராகக் கலவரம் மூண்டபோது, திகனையும், மாத்தளைக்கு வரும் ஏ9 வீதியோரத்து அக்குறணையும் அதன் கொடுமைக்கு ஆளாயின. மார்ச் 7 அன்று முகநூல், வாட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை அரசாங்கமே தடைசெய்ய நேர்ந்தது.

"வந்ததை அனுப்பினேன், அவ்வளவுதான்" என்னும் சமாதானம் ஏற்கத்தக்கதன்று. தபால்காரர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதில்லை. யாருக்குக் கொடுப்பது என்று தாமே தீர்மானிப்பதும் இல்லை. அனுப்புகிறவனோ படிக்கிறான், ஆளைத் தேர்கிறான், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன்மேல் உற்றார் வைத்திருக்கும் நம்பிக்கையை முகமறியாத ஒருவனுடைய அபவாதத்துக்கு இரவலாகக் கொடுத்துவிடுகிறான். தாய்மாமன் அனுப்பிய செய்தியை மருமகன் ஆராய்வதில்லை. மாமன் ஆராய்ந்திருப்பார் என்றே கொள்கிறான். இந்த இரவலே குற்றத்தின் உயிர்நிலை என்பது என் அபிப்பிராயம்.

அப்படியானால் ஐயமுள்ள எதையும் அனுப்பாதிருப்பதே தர்மமா? அதுவும் இல்லை. 2025 நவம்பரில் தித்வா புயலின் பெருமழையில் மலைகள் சரிந்தபோது, மாத்தளை மலைத்தோட்டத்து லயத்தில் இருந்தவருக்கு, ஊர்ஜிதத்துக்காகக் காத்திருப்பது உயிரையே பணயம் வைப்பதாக இருந்திருக்கும். மண்சரிவு வரும், வெளியேறுங்கள் என்ற சொல் பொய்த்தால் ஓர் இரவுத் தூக்கம் போகும். மாத்திரை கலந்தான் என்ற சொல் பொய்த்தால் ஒரு குடும்பத்தின் வாழ்வு போகும். ஆகவே ஆளைக் காக்கும் செய்தி விரையலாம், ஆள்மேல் பழிசுமத்தும் செய்தி காத்திருக்கவே வேண்டும். விரையும் செய்தியிலும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எந்தப் பிரதேச செயலகப் பிரிவுக்கு, எந்தத் தேதியில், எத்தனை மணிவரை எச்சரித்தது என்ற வரிகளை வெட்டாமல் அனுப்புவதே, பெறுகிறவருக்குச் செய்யும் உண்மையான மரியாதை. தேதியற்ற எச்சரிக்கை மூன்றாம் நாளும் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கும்.