சான்று பெயருக்கா, நாணயத்துக்கா?

முன்பின் அறியாத ஒருவர் நம் கடைப்படி ஏறி வந்து கடனுக்குச் சரக்குக் கேட்டால், "உங்களை அறிந்தவர் யார்?" என்றுதான் முதலில் வினவுவோம். நமக்குத் தெரிந்த ஒருவரின் கடிதத்தை அவர் நீட்டினால் மனம் சற்று இளகும். இணையத்தில் கடை விரித்திருப்போருக்கு அத்தகைய கடிதமாக விளங்குவதே மின்னிலக்கச் சான்றிதழ். "நீங்கள் பேசுவது இந்த முகவரிக்கு உரிய தளத்தோடுதான், வேறொருவரோடு அன்று" என மூன்றாமவர் சொல்லும் சாட்சியம் அது.

இச்சாட்சியம் நெடுங்காலம் பெரும்பாலும் விலைக்கே கிடைத்தது. கட்டணம் செலுத்த இயன்றவருக்குச் சாட்சி உண்டு, இயலாதவருக்கு இல்லை. 2018 ஜூலையிலிருந்து குரோம் உலாவி, சான்றிதழின் காவலின்றி இயங்கும் தளங்கள் அனைத்தையும் "பாதுகாப்பற்றது" எனக் குறிக்கலாயிற்று. கையில் காசில்லை என்பதற்காக ஒரு சிறு வணிகர் ஊரார் முன் சந்தேகத்துக்கு ஆளாவது நீதியாகுமா?

நல்லவேளையாக, 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்னும் இலாப நோக்கமற்ற சேவை 2015 முதலே சான்றிதழை இலவசமாக வழங்கி வருகிறது. தளத்தின் முகவரி தம் வசம் உள்ளதென மெய்ப்பித்தால் போதும், பணம் கேட்பதில்லை.

"இலவசமாகக் கொடுத்தால் மோசக்காரனும் வாங்கிக்கொள்வானே!" என்பர் சிலர். உண்மைதான், வாங்கியும் இருக்கிறான். ஆனால், விலைக்கு விற்ற காலத்திலும் மோசக்காரனுக்குப் பணமுடை இருந்ததில்லை. வாசலில் நின்றவர் ஏழை வணிகரே. திருடனுக்கு அஞ்சி நல்லவரின் கதவை அடைப்பது அறமன்று.

சாட்சி சொல்வோரும் தவறக் கூடியவரே. 2011-இல் நெதர்லாந்தின் 'டிஜிநோட்டார்' நிறுவனத்தின் கணினிகளுக்குள் கள்ளர் புகுந்து, கூகிளின் பெயரிலேயே பொய்ச் சான்றிதழ் உண்டாக்கினர். ஈரான் நாட்டு மக்களின் தொடர்புகளை ஒட்டுக்கேட்க அது பயன்பட்டது. நம்பிக்கை போயிற்று, அவ்வாண்டே நிறுவனமும் திவாலாயிற்று. சாட்சி சொல்பவனுக்கு முதல் என்பது அவன் சொல்லே அன்றோ?

ஆகவே நாம் உணர வேண்டியது ஒன்றுண்டு. இவ்வகைச் சான்றிதழ் முகவரிக்குச் சாட்சி. முதலாளியின் நேர்மைக்குச் சாட்சியன்று. முகவரியின் அருகே தோன்றும் பூட்டுச் சின்னத்தைப் பலர் நேர்மையின் அடையாளமாகத் தவறாகக் கருதியதால், 2023-இல் குரோம் உலாவி அதனை நீக்கிவிட்டு வேறொரு குறியை வைத்தது.

பணம் அனுப்புமுன் முகவரியை எழுத்தெழுத்தாகப் படிப்போம். வங்கிக் கணக்கு மாறியதாகக் கடிதம் வந்தால், நமக்கு முன்பே தெரிந்த எண்ணில் அழைத்துக் கேட்போம்.

பெயருக்கான சான்று உலகில் எல்லோருக்கும் எட்ட வேண்டும், அது நியாயம். நாணயத்துக்கான சான்றையோ எவரும் நமக்கு எழுதித் தர இயலாது. அது நம் தராசிலும் நம் கணக்கேட்டிலும் நாள்தோறும் நாமே எழுதிக்கொள்ள வேண்டியது.