மௌனம் சம்மதமாகுமா?

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் அமைந்த மண்டூர்க் கந்தசுவாமி கோயிலிற் பூசை கதிர்காம மரபையொட்டி நிகழ்வது. வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு, மந்திரவொலி எழுப்பாது, கப்புகனார் வழிபாட்டை ஆற்றுவார். சொல்லற்ற வேண்டுதலும் முருகனுக்கு எட்டும் என்பது அங்கு கூடும் அடியார்தம் நம்பிக்கை. இறைவனிடம் இதனை எதிர்பார்க்கும் மனிதர், தம் வீட்டிலே சொல்ல இயலாது தவிப்பவரின் வேண்டுதலைக் கேட்கக் கடமைப்பட்டவரல்லரோ?

அறிவுவளர்ச்சிக் குறைபாடுடைய பெண்ணொருத்திக்கு வரும் சிறுநீர்த் தொற்றுநோய் இவ்வினாவுக்கு நல்லதோர் உரைகல். பெண்களின் சிறுநீர்வழி ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் நீளமே உடையது. ஆதலின் குடலில் வாழும் கிருமிகள் சிறுநீர்ப்பையை எளிதில் அடைகின்றன. எரிவும் அடிவயிற்று வலியும் முதற்குறிகள். கவனியாதுவிடின் நோய் சிறுநீரகத்தை எட்டும். குருதியிற் கலந்து உயிரையும் பறிக்கக்கூடும். பெரும்பாலும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும் சில நாள் மருந்துமே இதனைத் தீர்க்கப் போதுமானவை. இலங்கையின் அரச வைத்தியசாலைகளிற் சிகிச்சைக்குக் கட்டணமும் இல்லை. ஆயின் அச்சிகிச்சையைத் தொடக்கிவைப்பது "எரிகிறது" என்னும் ஒரு சொல்லே.

அச்சொல் இல்லாதவள் என்செய்வாள்? உணவை ஒதுக்குவாள், உறங்காள், உடையை நனைப்பாள், தன்னையே அடித்துக்கொள்வாள். வீட்டார் அதனைப் பிடிவாதம் என்பர். அயலார் பேய்க்குணம் என்பர். வைத்தியருங்கூடக் குறைபாட்டின் இயல்பென்று கருதி, அமைதிப்படுத்தும் மாத்திரையோடு அனுப்பிவிடக்கூடும். இங்ஙனம் குறைபாடே நோயை மறைக்கும் திரையாகிவிடுகின்றது.

வள்ளுவர் 'குறிப்பறிதல்' என்னும் பெயரில் இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். பொருட்பாலில் உள்ளது 71ஆம் அதிகாரம். காமத்துப்பாலில் உள்ளது 110ஆம் அதிகாரம். மன்னன் குறிப்பை அறிந்தவன் பயன் பெறுகின்றான். காதலியின் குறிப்பை அறிந்தவன் இன்பம் பெறுகின்றான். பயனும் இன்பமும் கருதாது, நலிந்தவரின் குறிப்பை அறிவது அறத்தின்பாற்பட்டதாகும். நடத்தை திடீரென மாறுமாயின் முதலில் உடலைச் சோதிக்க வேண்டும் என்னும் எளிய விதி அவ்வறத்தின் நடைமுறை வடிவமே.

ஆனால் இவ்வறத்தின் சுமை யார் தோளில் ஏறுகின்றது என்பதையும் எண்ண வேண்டும். வளர்ந்த மகளைத் தூக்கிக் கழுவி, நாளில் நான்கு முறை துணி துவைக்கும் முதிய தாய், மகளுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கின்றாள். அது கொடுமையன்று, களைப்பு. எனினும் நீர் குறையக் குறையக் கிருமி தங்குகின்றது. பராமரிப்பவரின் வசதி, நோயாளியின் நலம் என்னும் பெயரைப் பூண்டுகொள்ளும் இடம் இதுவே.

இவ்வழி எங்கே கொண்டுசெல்லும் என்பதை இந்தியாவில் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டிற்று. 1994ஆம் ஆண்டு புனே நகரின் சாசூன் வைத்தியசாலையில், சிரூர் அரச இல்லத்தில் வாழ்ந்த அறிவுவளர்ச்சிக் குறைபாடுடைய பெண்கள் சிலருக்குக் கருப்பை அகற்றப்பட்டது. மாதவிடாய்த் துப்புரவை அவர்களாற் பேண இயலாது என்பதே கூறப்பட்ட காரணம். தண்ணீரைக் குறைத்த கையும் கருப்பையை அகற்றிய கத்தியும் ஒன்றல்ல. முன்னதிலே களைப்பு உண்டு, பின்னதிலே அதிகாரம் உண்டு. ஆயினும் அவளைக் கேளாமலே அவளுடலைப் பற்றி முடிவுசெய்தமை இரண்டுக்கும் பொது.

2006ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் 25ஆம் உறுப்புரை, இத்தகையோரின் சிகிச்சையும் அவர்தம் சுயவிருப்பும் விளக்கமும் பெற்ற சம்மதத்தின் அடிப்படையில் அமைய வேண்டும் என்கின்றது. இலங்கை 2016ஆம் ஆண்டு அதனை ஏற்புறுதி செய்தது. படத்தைக் காட்டி விளக்குதல், பழகியவரை அருகில் இருத்துதல், தொடுமுன் அறிவித்தல், அவள் விலகினால் நிறுத்திக் காத்திருத்தல் என்பன சம்மதம் கேட்கும் வழிகளே. தாயின் சுமையை அயலும் அரசும் பகிர்ந்தாலன்றி இப்பொறுமை எவர்க்கும் வாய்க்காது.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது வழக்கு. இப்பெண்கள் திறத்தில் அது பொய்வழக்கு. அவர்களுடைய மௌனம் சம்மதமும் அன்று, சுகமும் அன்று. அது பிறர் இன்னும் வாசிக்கக் கற்றுக்கொள்ளாத மொழி.