இறந்தவரின் ஏடிஎம் அட்டை

அப்பா போன அன்றைக்கே மூத்த மகன் ஏடிஎம்முக்குப் போய் வருவது பல வீடுகளில் நடக்கிறது. பாடை, சுடுகாடு, வந்தவர்களுக்குச் சாப்பாடு என எல்லாவற்றுக்கும் உடனே பணம் வேண்டும். பின் நம்பரை அப்பாவே சொல்லி வைத்திருந்தார். இது தவறா?

தேவையைக் குறை சொல்ல முடியாது. இறந்தவர் விட்டுச் சென்றதிலிருந்து கடன்களை அடைக்கும் முன்பே ஈமச் செலவைத் தர வேண்டும் என்றே 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் அப்பா தந்த அனுமதி அவர் மூச்சோடு முடிந்தது. அதன்பின் கணக்கில் இருப்பது வாரிசுகள் எல்லோருடைய பணம். எடுத்தது இவ்வளவு, செலவு இவ்வளவு என்று அன்று மாலையே தம்பி தங்கைகளிடம் சொல்லிவிட்டால் அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. காரியம் முடிந்த பிறகும் வங்கிக்குத் தெரிவிக்காமல் நாளுக்குக் கொஞ்சமாகக் கணக்கைத் துடைப்பது திருட்டுதான். “பேங்குக்குப் போனால் அலையவிடுவார்கள்” என்பார்கள். அலைச்சல் உண்மை. ஆனாலும் நாமினி இருந்து, உரிய சான்றுகளைக் கொடுத்துவிட்டால் 15 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

நாமினி என்றால் பணம் முழுக்கத் தனக்கே என்ற நினைப்பும் இருக்கிறது. நாமினி வாங்கி வைப்பவர் மட்டுமே, வாரிசுகளின் பங்கு அப்படியே நிற்கிறது என்று வங்கிக் கணக்கு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னது. உயில் இல்லாமல் இறந்த இந்து ஆணின் சொத்தில் மனைவி, மக்களோடு அவரைப் பெற்ற தாய்க்கும் பங்கு உண்டு. மகனைப் பறிகொடுத்த கிழவியின் பெயர் வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பத்தில் விடுபட்டுப்போனால், அது எப்போதும் மறதியாக இருப்பதில்லை.

இவை எல்லாவற்றையும்விடக் கொடியது கருமாதி முடிந்த கையோடு நடப்பது. கட்டிக்கொடுத்த பெண் ஊர் திரும்புவதற்குள் விடுதலைப் பத்திரத்தை நீட்டி, “இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா” என்கிறார்கள். பங்கை விட்டுக்கொடுப்பது அவள் உரிமை. மனதார விட்டுக்கொடுக்கும் பெண்கள் நிறையப் பேர். ஆனால் எதை விடுகிறோம் என்று தெரிந்து விட வேண்டும். பத்திரத்தை வாசித்துக் காட்டி, பாஸ்புக்கையும் பட்டாவையும் அவள் முன்னால் வைத்து, யோசிக்க நாள் கொடுத்த பிறகே அந்தக் கையெழுத்தைக் கேட்கலாம். அழுத கண் காயாதவளிடம் அன்றைக்கே கேட்கக் கூடாது.