இக்கட்டில் எழும் சொல்

"உயிர் போகிற அவசரம்", "தலை போகிற காரியம்" என்னும் தொடர்கள் நம் இல்லங்களில் நாள்தோறும் ஒலிப்பவை. பேருந்தைப் பிடிக்க வேண்டுமெனில் உயிர் போகிற அவசரம். அழைப்பிதழ் அச்சகத்திலிருந்து வரத் தாமதமானால் தலை போகிற காரியம். ஆனால், மெய்யாகவே உயிருக்கு ஊறு நேரும் வேளையில் நம் நா தணிந்துவிடுகிறது. நள்ளிரவில் நெஞ்சு வலித்து வியர்த்துக் கொட்டும் பெரியவர், "ஒன்றுமில்லை, வாயுப் பிடிப்பாக இருக்கும், பிள்ளைகளை எழுப்பாதே" என்கிறார். சிற்றிடரைப் பெருஞ்சொல்லாலும், பேரிடரைச் சிறுசொல்லாலும் சுட்டும் இவ்வழக்கம் வெறும் பேச்சுப் பழக்கந்தானா? அறத்தோடும் இதற்குத் தொடர்புண்டா?

நம் மொழியில் இதற்கெனச் சொற்கள் குறைவின்றி உள்ளன. துன்பத்தால் கண் இடுங்குதலை இடுக்கண் என்னும் சொல் உணர்த்துவதாகக் கூறுவர். திருக்குறளின் 63ஆம் அதிகாரம் அச்சொல்லையே தலைப்பில் தாங்கி நிற்கிறது. நெருக்கடி என்றால் வழி குறுகி வருகிறது. ஆபத்து என்றால் தீங்கு வாயிலில் நிற்கிறது. சொற்கள் அளவுகோல்கள் போன்றவை. அளவுகோல் பிழைத்தால் அளவும் பிழைக்கும்.

அப்பிழை எத்துணைக் கொடியதாகலாம் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்று. 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயார்க் நோக்கிச் சென்ற ஏவியாங்கா நிறுவனத்தின் 52ஆம் எண் விமானம், மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்திற்கும் மேலாக வானில் காத்திருக்க நேர்ந்தது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. "அவசர நிலை என்று சொல்" எனத் தலைமை விமானி தம் மொழியில் கூறினார். துணை விமானியோ, முன்னுரிமை வேண்டும் என்றும், எரிபொருள் குறைந்து வருகிறது என்றும் மட்டுமே தரைக்கட்டுப்பாட்டிற்குத் தெரிவித்தார். முதல் முறை இறங்க இயலாமற்போன பின், மீண்டும் சுற்றி வருமாறு பணித்த அலுவலர், எரிபொருள் அதற்குப் போதுமா என்று கேட்டார். போதும் என்றே நினைப்பதாகப் பணிவுடன் விடையிறுத்து நன்றியும் கூறினார் துணை விமானி. சில நிமிடங்களில் நான்கு எஞ்சின்களும் அடங்கின. விமானத்தில் இருந்த 158 பேரில் 73 பேர் மாண்டனர். கூற வேண்டிய அந்த ஒரு சொல் இறுதிவரை கூறப்படவேயில்லை.

இத்தகைய இடருக்கெனவே அமைந்த சொல் ஒன்று அதற்கு நெடுங்காலம் முன்பே வழக்கில் இருந்தது. 1920களில் லண்டனை அடுத்த குரோய்டன் விமான நிலையத்தில் பணியாற்றிய மாக்ஃபோர்டு என்பவர், 'எனக்கு உதவுங்கள்' எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியைத் தழுவி 'மேடே' என்னும் குறியை அமைத்தார். உயிர் உடனடி ஆபத்தில் இருப்பின் அதனை மும்முறை கூற வேண்டும். அவ்வளவு கடுமையில்லாத அவசரத்திற்கு 'பான்-பான்' என்னும் வேறு குறி உண்டு. ஒன்றன் இடத்தில் மற்றொன்றைக் கூறலாகாது. சொல்லுக்கு மதிப்பு நிலைப்பது இவ்வரையறையால்தான்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். இன்சொல்லை அன்றோ சான்றோர் வலியுறுத்தினர்? பிறரை அச்சுறுத்தாமல் மென்மையாகப் பேசுவது நற்பண்பு அன்றோ? ஆம். ஆயினும், பேச்சு இதமாகவும் மிதமாகவும் பிரியமாகவும் இருத்தல் வேண்டும் என்னும் நம் மரபில் நன்மை பயக்கும் இதமே முதலில் நிற்கிறது. கேட்பதற்கு இனிதாயிருப்பது நன்மைக்கு இடையூறாகுமெனில், இனிமைதான் வழிவிட வேண்டும். பாஷா சமிதி என்பது கடுஞ்சொல்லை விலக்குவதோடு முடிவதன்று. சொல்லின் விளைவை எண்ணிப் பேசும் விழிப்பும் அதில் அடங்கும். காக்கக்கூடிய உயிர் மழுப்பலான சொல்லால் அழியுமாயின், அம்மென்மை அகிம்சை ஆகுமா?

மிகைப்படுத்தலும் இதே குற்றத்தின் மறுபக்கமே. "புலி வருது, புலி வருது" என்று விளையாட்டுக்குக் கூவிய சிறுவனின் கதையை அறியாதவர் யார்? அன்றாடச் சில்லறைக் காரியங்களுக்கெல்லாம் உயிரையும் தலையையும் பணயம் வைத்துப் பேசினால், மெய்யாகத் தேவைப்படும் நாளில் அச்சொற்கள் செல்லாக் காசாகிவிடும்.

கேட்போருக்கும் இதில் கடமை உண்டு. "இதற்குப் போயா எழுப்பினாய்?" என்று ஒருமுறை சீறப்பட்டவர் மறுமுறை வாய் திறவார். வீட்டில் மூத்தோரும் மருமகள்களும் குழந்தைகளும் தம் துன்பத்தைக் குறைத்துக் கூறுவதற்கு இவ்வச்சமே பெரும்பாலும் காரணம். பொய்ச் சங்கடமாக முடிந்தாலும், "சொன்னது நல்லது" என்று கூறும் பக்குவம் வேண்டும்.

ஆகவே, அன்பர்களே! அமைதியான நாளிலேயே இதனைப் பழகுவோம். 108 எண்ணை அழைக்க நேர்ந்தால் ஊர், தெரு, அடையாளம், நேர்ந்தது என்ன, எத்தனை பேருக்கு என்பவற்றைச் சுருக்கமாகக் கூறப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். முதியோரிடம், "வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்றே சொல்லுங்கள், எந்த நேரமானாலும் எழுப்புங்கள்" என்று வாய்விட்டுக் கூறுவோம். சிறியதைச் சிறியதென்றும் பெரியதைப் பெரியதென்றும் உரைப்பதே வாய்மை. இக்கட்டு வேளையில் அவ்வாய்மையே உயிர்க்கருணையாகவும் நின்று காக்கும்.