பிரயாணியின் நாக்கு

பெரிய நகரம் ஒன்றுக்குப் புதிதாகப் போகிறவன் இரண்டு விசாரணைகளை உடனே தொடங்கிவிடுகிறான். தங்குவதற்கு இடம் எங்கே என்பது ஒன்று. 'இந்த ஊருக்கே உரிய சாப்பாடு, அசலாக, பழைய ருசியோடு எங்கே கிடைக்கும்?' என்பது மற்றொன்று. முதல் கேள்வி உடம்புக்கு வேண்டியது. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது கேள்வி அத்தனை எளியதல்ல. அதில் நாக்கின் ஆசையோடு ஒரு கோரிக்கையும் கலந்திருக்கிறது. 'நான் வந்து சேரும் வரைக்கும் நீங்கள் மாறாமல் இருந்திருக்க வேண்டும்' என்று முன்பின் அறியாத ஓர் ஊராரிடம் நாம் கேட்கிறோம். அப்படிக் கேட்க நமக்கு என்ன உரிமை?

லண்டனுக்குப் போகிற நம்மவர்களை எடுத்துக்கொள்வோம். மீன் சாப்பிடுகிற ஜாதியாக இருந்தால், போன மறுநாளே 'ஃபிஷ் அண்ட் சிப்ஸ்' கடையைத் தேடிப் புறப்பட்டுவிடுவார்கள். மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்த மீன், பக்கத்தில் விரல் பருமனுக்கு உருளைக்கிழங்கு வறுவல், மேலே உப்பும் வினிகரும். 'இது புது மாதிரிக் கடை, பழைய காலத்துக் கடை வேறே இருக்கிறது' என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அதைக் கண்டுபிடிக்கிற வரையில் தூக்கம் வராது.

ஆனால் அந்தப் பழைய காலம் எது? பொரித்த மீன் இங்கிலாந்துக்கு வந்தது, ஸ்பெயினிலிருந்தும் போர்த்துகலிலிருந்தும் துரத்தப்பட்டு வந்த யூதர்களோடு. 1837-இல் தொடராக வரத் தொடங்கிய 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் டிக்கன்ஸ் லண்டன் சந்து ஒன்றின் பொரித்த மீன் கடையைக் குறிப்பிடுகிறார். உருளைக்கிழங்கோ தென்னமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த கிழங்கு. இரண்டையும் ஒரே பொட்டலத்தில் கட்டி முதலில் விற்றது யார் என்பதில் இன்னும் வழக்கு தீரவில்லை. 1860 வாக்கில் கிழக்கு லண்டனில் கடை வைத்த ஜோசப் மாலின் என்கிற யூதர் என்பது ஒரு கட்சி. 1863-இல் லங்காஷயர்ப் பக்கத்து மோஸ்லியில் மரக்கொட்டகை போட்டு விற்ற ஜான் லீஸ் என்பது எதிர்க் கட்சி. யார் ஜெயித்தாலும் சரி, இரு அகதிப் பண்டங்கள் சேர்ந்த சேர்க்கைதான் இங்கிலாந்தின் தேசிய உணவு ஆயிற்று.

எப்படி ஆயிற்று என்பதுதான் நான் சொல்ல வந்தது. வட இங்கிலாந்தின் பஞ்சாலை ஊர்கள் அதை வளர்த்தன. கல்யாணமான பெண்களும் ஆலைக்குப் போய் விடியற்காலையிலிருந்து தறிகளின் இரைச்சலில் நின்ற ஊர்கள் அவை. சங்கு ஊதி வீடு திரும்புகிறவளுக்கு அடுப்பு மூட்டத் தெம்பும் இல்லை, நேரமும் இல்லை. நீராவிப் படகுகள் வட கடலில் அள்ளிய மீனை ரயில் அன்றே உள்நாட்டுக்குக் கொண்டு வந்தது. தெருமுனையில் சூடாக, மலிவாக, வயிறு நிறைய ஒரு பொட்டலம் கிடைத்தது. 1910 வாக்கில் பிரிட்டனில் இப்படிப்பட்ட கடைகள் 25,000 இருந்தன என்பார்கள். அந்தக் காலத்து மருத்துவர்களும் சீர்திருத்தக்காரர்களும் இதை எவ்வளவு ஏசினார்கள் தெரியுமா? ஜீரணத்துக்குக் கேடு, காசுக்குக் கேடு, சமைக்கச் சோம்பல்படும் பெண்களின் தீனி! இரண்டாம் உலக யுத்தத்தில் இறைச்சிக்கும் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் பங்கீடு வந்தபோது மீனுக்கும் உருளைக்கிழங்குக்கும் மட்டும் வரவில்லை. ஜனங்களின் மனத்தைத் தாங்கிப் பிடிக்க அது அவசியம் என்று அரசாங்கமே உணர்ந்துவிட்டது. ஏசப்பட்ட பண்டம் அப்படித்தான் பாரம்பரியமாக உயர்ந்தது.

இந்தக் கதையை லங்காஷயரோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. லங்காஷயருக்கும் நம் திருப்பூருக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1931 செப்டம்பரில், வட்டமேஜை மாநாட்டுக்காக இங்கிலாந்து போயிருந்த காந்தியடிகள் லங்காஷயரின் டார்வன் என்ற ஆலையூருக்குப் போய், நம் அந்நியத் துணி பகிஷ்காரத்தினால் வேலை இழந்திருந்த தொழிலாளர்களைச் சந்தித்தார். நான்கு மாதம் கூட ஆகவில்லை. 1932 ஜனவரியில், கதர் இயக்கத்தின் பெரிய மையமாக இருந்த திருப்பூரின் வீதியில், கொடியைக் கைவிடாமல் தடியடி பட்டுக் குமரன் உயிர் நீத்தார். இன்று லங்காஷயரின் தறிகள் ஓய்ந்துவிட்டன. திருப்பூரின் பின்னலாடை கப்பலேறி அந்த நாட்டுக் கடைகளிலேயே தொங்குகிறது. தறியின் இரைச்சல் இடம் மாறியபோது, நேரமின்மையும் அதோடு கூடவே வந்து சேர்ந்தது. எனவே அங்கே நடந்த கதை இங்கே நடக்காமல் இருக்குமா?

திருப்பூருக்கு வருகிற வெளியூர்க்காரரும் அசல் கொங்கு சாப்பாட்டைத்தான் தேடுகிறார். நானும் தேடியிருக்கிறேன். அரிசியும் பருப்பும் ஒன்றாய் வேகவைத்து ஊத்துக்குளி நெய் விட்ட சாதம், பூண்டும் சீரகமும் சேர்த்துக் கடைந்த கொள்ளுப் பருப்பு, அடுப்பிலேற்றாத பச்சைப்புளி ரசம், சந்தகை, ஒப்புட்டு என்று ஒரு ஜாபிதாவே என் மனத்தில் இருந்தது. அதில் பாதி, சிறிய மெஸ் ஒன்றில் கிடைத்தது. நடத்துகிறவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள். சாப்பிட்டு முடித்துவிட்டு, கம்பஞ்சோறு கிடைக்குமா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க, கம்பஞ்சோறு ஆக்கோணும்னா மொதல்ல அதைக் குத்தோணுமில்லீங்களா? எங்கம்மா விடியால நாலு மணிக்கு உலக்கையை எடுத்தாங்கன்னா வெளிச்சம் வர்ற வரைக்கும் குத்துவாங்க. எங்கய்யன் எந்திரிச்சு வந்து, 'என்ன, இன்னைக்குச் சோறு கொழகொழன்னு இருக்குது'ம்பாரு. அந்த ருசி எனக்கும் பிடிக்குமுங்க. உலக்கைதானுங்க பிடிக்காது."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அவருடைய மகள் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாளாம்.

கம்பஞ்சோறு ஆக்குவது என்னவென்று தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கம்பைத் தண்ணீர் தெளித்துப் பிசிறி, உரலில் போட்டுத் தோல் நீங்கக் குத்த வேண்டும். முறத்தில் புடைத்துத் தவிட்டை நீக்க வேண்டும். மறுபடியும் உரலில் போட்டு நொய்யாகும்படி குத்த வேண்டும். பிறகுதான் அடுப்பு, அதிலும் அடிப்பிடிக்காமல் விடாது கிளற வேண்டும். குடும்பம் பெரிதாக இருந்தால் ஒரு பெண்ணின் தூக்கத்தில் பாதி இதற்கே போய்விடும். கைமணம், கைமணம் என்று கதைகளில் நாம் எத்தனையோ எழுதியாயிற்று. அந்தக் கையிலே காய்ப்பு இருந்ததை எழுதினவர்கள் குறைவு.

பழைய ருசி என்று நாம் ஏங்குவதில் பெரும்பகுதி இன்னொருவருடைய விடியற்காலை நாலு மணி. அதைச் சாப்பிட்டவர்தான் ஏங்குகிறார், குத்தினவர் ஏங்குவதில்லை. ஏங்கினாலும் அந்த அம்மாளைப் போல, ருசிக்கு ஏங்குவார்; உலக்கைக்கு ஏங்கமாட்டார். ஆகவே, 'அசல் சாப்பாடு அழிந்துவிட்டதே' என்று ஒருவர் புலம்பும்போது, அழிந்தது என்ன என்பதை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒருத்தியின் முதுகிலிருந்து பாரம் இறங்கியதால் அழிந்தது என்றால் அதற்குத் துக்கம் கொண்டாடுவது நியாயமல்ல. ஆட்டுக்கல்லை ஓரங்கட்டிய மாவு கிரைண்டர் இதே கொங்கு நாட்டின் கோயம்புத்தூரில் வளர்ந்தது. இன்று அந்தக் கிரைண்டருக்கே ஊர்ப் பெயரால் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். பாரம்பரியத்தைக் கெடுத்ததாகப் பேச்சு வாங்கிய யந்திரம், தானே பாரம்பரியமாகப் பதிவாகிவிட்டது!

இதைச் சொன்னால், 'அப்படியானால் எல்லாம் நன்மைக்கே என்கிறீரா?' என்று கேட்பீர்கள். இல்லை. வேறொரு விதமான அழிவும் இருக்கிறது. நொய்யலாற்றைப் பாருங்கள். சாயப்பட்டறைகளின் கழிவு வருஷக்கணக்காய் அதில் கலந்தது. 1992-இல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர் தேங்கும் குட்டையாயிற்று. கீழே உள்ள கிணறுகளும் நிலங்களும் கெட்டு, விவசாயிகள் நீதிமன்றத்தின் படியேறினார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டின் கீழேதான் அவை மறுபடி நடந்தன. அந்த மண்ணில் விளைந்திருக்க வேண்டிய சோளமும் கம்பும் தட்டைப்பயறும் விளையாமல் போனது யாருடைய விடுதலைக்காகவும் அல்ல. அது ஒருவர் லாபத்துக்காக இன்னொருவர் சோற்றில் கைவைத்தது. இந்த இரண்டு அழிவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, 'அந்தக் காலம் போச்சு' என்று பெருமூச்சு விடுவதுதான் எனக்குப் பிடிக்காத காரியம். அந்தப் பெருமூச்சில், உலக்கையை விட்ட பெண்ணும் ஆற்றைக் கெடுத்த முதலாளியும் ஒரே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார்கள்.

சரி, இன்றைய திருப்பூர் எதைச் சாப்பிடுகிறது? ராத்திரி எட்டரை மணிக்கு வீதியில் நின்று பார்க்க வேண்டும். காலை எட்டரைக்கு உள்ளே போனவர்கள் 'ஒன்றரை ஷிப்ட்' முடிந்து வெளியே வரும் நேரம் அது. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட் என்றால், பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை. பள்ளிக்கூடத்துக் கணக்கில் வராத இந்தப் பின்னம் திருப்பூரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஓவர்லாக் மெஷினில் குனிந்த கழுத்தும், நின்றே மரத்த காலுமாக வருகிறவர்களை எதிர்கொண்டு அழைக்கிறது பரோட்டாக் கல்லின் தாளம். பிய்த்துப் போட்ட பரோட்டாவின் மேல் குருமா கொதிக்கக் கொதிக்க விழுகிறது. மைதா உடம்புக்கு ஆகாது என்று சொல்கிறவர்கள் சொல்லத்தான் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் லங்காஷயரின் பெண்களைப் பார்த்துச் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். சாப்பாட்டைக் கண்டிக்கிறவர்கள் அந்த ஒன்றரை ஷிப்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால், கண்டனம் இன்னும் கொஞ்சம் யோக்கியமாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை இன்னொரு காட்சி. சனிக்கிழமைச் சம்பளம் கையிலிருக்க, தென்னம்பாளையம் மார்க்கெட்டில் மீன் வாங்கக் கூட்டம் நெரிகிறது. கடலே கண்ணில் படாத ஊர். லாரியும் ஐஸும் கடலைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. மாலையில் தள்ளுவண்டிகளில் மிளகாய் பூசிய மீன் எண்ணெயில் சீறுகிறது. பக்கத்திலேயே ஒரு சிப்ஸ் கடையும் இருந்துவிட்டால், 'ஃபிஷ் அண்ட் சிப்ஸ்' தேடி லண்டன் வரை போவானேன்? கேலிக்காகச் சொல்லவில்லை. ரயில் கொண்டுவந்த மீனும் ஆலைக் கூலியும் சேர்ந்து அங்கே எதை உண்டாக்கினவோ, அதையேதான் லாரி கொண்டுவந்த மீனும் பனியன் கம்பெனிக் கூலியும் சேர்ந்து இங்கே உண்டாக்கிக்கொண்டிருக்கின்றன.

இன்னும் ஒன்று. ஒடிஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் ஒரே அறையில் ஐந்து பேர், ஆறு பேர் என்று இங்கே குடியிருக்கிறார்கள். ஒடியர்களுக்குப் 'பகாளா' என்றால் உயிர். ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொண்டு சாப்பிடுவது. நம் பழையசோறேதான். 'இந்தக் காலத்தில் யார் பழையது சாப்பிடுகிறார்கள்?' என்று ஊர்ப் பெரியவர் திண்ணையில் அங்கலாய்க்கிறார். அவருடைய வீட்டு மாடி அறையிலேயே, அவருக்குப் பாஷை தெரியாத பையன் ஒருவன் அதைக் கரைத்துக் குடித்துவிட்டு ஷிப்டுக்கு ஓடிக்கொண்டிருக்கலாம். பாரம்பரியம் நாம் தேடுகிற வாசலில்தான் உட்கார்ந்திருக்கும் என்பது என்ன நிச்சயம்?

ஆகவே பிரயாணி பழைய ருசியைத் தேடவே கூடாதா என்றால், தாராளமாகத் தேடலாம். ஓர் ஊரின் சாப்பாட்டை விரும்புவது அந்த ஊரை மதிக்கிற வழிகளில் ஒன்று. ஆனால் தேடுகிறவனுக்கு இரண்டு கடமைகள் உண்டு என்று எனக்குப் படுகிறது. அந்த ஊர் ஜனங்கள் இன்று களைத்த வேளையில் எதைச் சாப்பிடுகிறார்களோ, அதையும் அவர்களோடு நின்று ஒரு கை பார்க்க வேண்டும். நூறு வருஷம் கழித்து வருகிற பிரயாணி 'அசல்' என்று தேடப்போவது ஒருவேளை அதுவாகவே இருக்கும். உலக்கை பிடித்த ருசிதான் வேண்டும் என்றால், உலக்கை பிடிக்கிற கைக்கு உரிய கூலியை, முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும். அம்மாவும் மனைவியும் கூலியில்லாமல் குத்திக் கொடுத்த காலத்து விலையிலேயே அந்த ருசியும் வேண்டும் என்றால், நாம் கேட்பது சாப்பாடு அல்ல; பழைய அடிமைத்தனத்தில் ஒரு கவளம்.

கம்பஞ்சோறு எனக்கு இன்றும் பிடிக்கும். இப்போது யந்திரத்தில் தோல் நீக்கி உடைத்த கம்பு கடைகளில் கிடைக்கிறது. வெயில் காலத்தில் சாலையோரத் தள்ளுவண்டியில் மோர் மிளகாயோடு கம்பங்கூழ் ஊற்றித் தருகிறார்கள். பழைய மணம் அதில் முழுக்க இல்லை என்று சொல்கிறவர்கள் உண்டு, இருக்கலாம். குறைகிற அந்தக் கொஞ்ச மணத்துக்கு ஈடாக எங்கோ ஒரு வீட்டில் ஒரு பெண் விடிகிற வரையில் தூங்குகிறாள் என்றால், அந்தக் கூழ் எனக்கு இனிக்கத்தான் செய்கிறது.