சாவியை விடும் கணம்

இல்லன் பைப்ஸை வாயால் ஊதுவதில்லை. வலது முழங்கை துருத்தியை இயக்குகிறது, இடது முழங்கை தோற்பையை அழுத்துகிறது. சீவாளியை உதடு தொடுவதே இல்லை. நாக்கால் ஸ்வரத்தைத் துண்டிக்கும் வழி இந்த ஐரிஷ் வாத்தியத்தில் கிடையாது. சான்ட்டர் என்னும் மெட்டுக் குழலின் எட்டுத் துளைகளையும் மூடி, அதன் அடிமுனையைத் தொடைமேல் பதித்தால் ஒலி அறவே நின்றுவிடும். இரண்டு ஸ்வரங்களை நிசப்தத்தால் பிரிக்க அந்த வழி ஒன்றுதான் உண்டு.

*

இடது கையில் கட்டைவிரலும் மூன்று விரல்களும், வலது கையில் கட்டைவிரல் தவிர்த்த நான்கும் துளைகளைக் காக்கின்றன. இடது சுண்டுவிரல் சும்மா இருக்கிறது. ஜி ஷார்ப் வரும்போது மட்டும், அதன் தனித் துளையை மூடியிருக்கும் சாவியைத் திறக்க, அதற்கு அழைப்பு. கைகளிலேயே பலம் குறைந்த விரலிடம், முன்னறிவிப்பில்லாமல், துல்லியமான வேலை ஒன்று ஒப்படைக்கப்படுகிறது.

விதி எளிது. கீழே உள்ள ஸ்வரத்தின் விரலமைப்பை வைத்துக்கொண்டு சாவியைத் திறக்க வேண்டும். ஜி பிடித்தால் ஜி ஷார்ப், ஏ பிடித்தால் பி ஃபிளாட், ஈ பிடித்தால் எஃப் நேச்சுரல். ஈ ஃபிளாட்டுக்குச் சாவி தேவையில்லை. வலது சுண்டுவிரலைத் தூக்கினாலே போதும்.

*

விரல் எழுவதும் சாவி திறப்பதும் ஒரே கணத்தில் நிகழ வேண்டும். சாவி பிந்தினால் ஜி முந்திக்கொண்டு கேட்டுவிடும். இதைக் காது உடனே கண்டுபிடிக்கும், திருத்திக்கொள்ளலாம். விடும்போது நேர்வது வேறு. விரல்கள் எல்லாம் துளைகளுக்குத் திரும்பிய பின்னும் சாவி இமைப்பொழுது திறந்திருந்தால், நிசப்தம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முனகல் ஒட்டிக்கொள்கிறது. பையின் காற்று நிற்பதில்லை. திறந்த துளை எதுவானாலும் அதன் வழியே பேசிவிடும். சாவி வாசிப்பின் தரம் இங்கேதான் தெரிகிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

*

சி நேச்சுரலுக்குச் சாவி இருந்தும் பலர் தொடுவதில்லை. மேலே ஒரு துளையைத் திறந்து, கீழே சிலவற்றை மூடி, குறுக்கு விரலமைப்பில் அதை எடுக்கிறார்கள். எந்தத் துளைகள் என்பது சான்ட்டருக்குச் சான்ட்டர் மாறும். சாவியில் வருவது நேரான, வெளிச்சமான சி. குறுக்கு விரலில் வருவதோ சற்றே மூடிய குரல், உள்ளே ஈரம் இருப்பதுபோல. மெதுவான பாட்டுக்கு எனக்கு இரண்டாவதுதான் வேண்டும். பைப்பர் சேமஸ் என்னிஸ் (1919–1982) இதேபோல விரலமைப்பை மாற்றியே தன் டி ஸ்வரத்தை மங்கலாக்கினார். பைப்பர்கள் அதைப் பேய் டி என்கிறார்கள்.

எஃப் நேச்சுரலையும் விரலை நகர்த்தித் துளையைப் பாதி திறந்து எடுக்கலாம். அப்படி வரும் எஃப் நடந்து வருகிறது. சாவியில் அது நின்ற இடத்திலேயே பிறக்கிறது. வேகமான ஜி மைனர் மெட்டில் நடக்க நேரமில்லை.

*

சாவியின் அடியில் ஒரு சிறு தோல்வட்டம். வில் அதைத் துளையின் மேல் அழுத்தி வைக்கிறது. அதன் வழியே காற்று கசிந்தால் பாதிப்பு அந்தச் சாவியோடு நிற்பதில்லை. எல்லாத் துளைகளையும் மூடி எடுக்கும் அடி டி-யும் தளர்ந்துபோகும். பழுதைத் தன் கையில் தேடுவதற்கு முன் தோலைப் பார்ப்பது நல்லது.

*

சாவிகளைப் புதிதாகப் பழகுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: சில வாரங்களுக்கு மெட்டு எதுவும் வேண்டாம். ஜி ஷார்ப், நிசப்தம், மறுபடியும் ஜி ஷார்ப். இடையில் முனகல் இல்லாமல் வரும்வரை அதை மட்டும் வாசியுங்கள்.