விழுந்த இடம் எங்கே?



இரண்டாம் இராஜாக்கள் ஆறாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யோர்தான் கரையில் மரம் வெட்டின ஒருவனுடைய கோடரி தண்ணீருக்குள் போய்விட்டது. சொந்தக் கோடரிகூட அல்ல, இரவல். எலிசா அவனைத் திட்டவில்லை. அது விழுந்த இடத்தைத்தான் முதலாவது விசாரித்தார். இந்த அதிகாரத்தை எத்தனையோ தரம் பிரசங்கித்திருக்கிறேன். எனக்கே அது புரிந்தது ஒரு டிரோன் கேமரா விழுந்த பிறகுதான்.

நம்முடைய திறந்தவெளிக் கூட்டத்தைப் படம் பிடிக்க வாலிபத் தம்பி ஒருவன் தன் டிரோனைக் கொண்டுவந்தான். கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைக்கிறவன்; வட்டிக்குப் பணம் வாங்கி வாங்கின பொருள். "ஐயா, பேட்டரி இறங்குது, இறக்கிடட்டுமா?" என்றான். "இன்னும் ஒரே ரவுண்டு விடுப்பா, ஜனம் இப்பத்தான் நிறையுது" என்றேன். சார்ஜ் குறைந்ததும் அது தானாகவே திரும்பி வரத் தொடங்கிற்று. திரும்பி வருகிற உயரம் 20 மீட்டர் என்று வேறொரு ஊரில் வைத்ததை அவன் மாற்றவில்லை. மைதானத்து ஓரத் தென்னை அதைவிட உயரம். அந்தச் சின்ன டிரோனுக்குக் கீழே பார்க்கிற சென்சார் உண்டு, முன்னே பார்க்கிற கண் இல்லை. மட்டையில் மோதித் தரையில் விழுந்தது.

"கவனமா ஓட்டத் தெரியாதா?" என்று எல்லார் முன்பாகவும் சத்தம் போட்டேன். அவன் வாய் திறக்கவில்லை. ராத்திரியே உடைந்த இறக்கைகளை மட்டும் மாற்றி, மறுநாள் ஒரு நிச்சயதார்த்தத்தில் பறக்கவிட்டான். நடுங்கிக்கொண்டே எழும்பி மறுபடியும் விழுந்தது. இந்தத் தரம் கேமராவும் தொங்கிப்போயிற்று. மூன்று ஞாயிறு அவன் ஆராதனைக்கு வரவில்லை.

நான்காம் வாரம் அவன் வீட்டுக்குப் போனேன். "தப்பு என்னுது தம்பி, இறக்குறேன்னு நீ சொன்னே, நான்தான் கேக்கலை" என்றேன். அவனுடைய அம்மா அழுதார்கள். ரிப்பேர் செலவில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். அது தர்மம் அல்ல பிரியமானவர்களே, என் கடன்.

ரிப்பேர் பார்க்கிற சகோதரன் ஸ்குரூ டிரைவரைத் தொடவே இல்லை. முதலாவது போனை வாங்கி, பறந்த பதிவைத் திறந்தார். உயரம், பேட்டரி, எந்தப் பக்கம் சாய்ந்தது, எல்லாம் அதில் இருந்தது. எனக்கு எலிசா ஞாபகம் வந்தார்.

பிறகு இறக்கைகள் எல்லாவற்றையும் கழற்றினார். இறக்கையோடு மோட்டாரைச் சோதித்தால் விரலை வெட்டிவிடுமாம். நான்கு மோட்டாரையும் ஒவ்வொன்றாக விரலால் சுற்றினார். மூன்று வழுக்கிக்கொண்டு சுற்றின. நான்காவது கரகரத்தது. முதல் விழுகையிலேயே மண் புகுந்து, தண்டும் வளைந்திருக்கிறது. வளைந்த தண்டின்மேல் புது இறக்கை! சனிக்கிழமை சண்டை போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேஷ்டி கட்டுகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பேட்டரி உப்பியிருந்தது. "இதுக்குச் சார்ஜ் போடவே கூடாது, தீப்பிடிக்கும்" என்று தனியே எடுத்து வைத்தார். கேமராவை ஆடாமல் பிடிக்கிற மூன்று குட்டி மோட்டார்களுக்குப் போகும் நாடா போன்ற மெல்லிய கேபிள் கிழிந்திருந்தது. அதை மாற்றவே ஒரு மத்தியானம் ஆயிற்று. இறக்கைகளிலும் இரண்டு விதம் உண்டு. எதிர் மூலையில் இருக்கிறவை ஒரே பக்கமாகச் சுற்றும், பக்கத்தில் இருக்கிறவை எதிராகச் சுற்றும். இடம் மாற்றிப் போட்டால் எழும்பும்போதே குப்புற விழும்.

திசைகாட்டியைச் சரிசெய்யச் சபையின் மொட்டைமாடிக்குப் போனோம். எத்தனை தரம் சுற்றினாலும் அது ஏற்கவில்லை. கான்கிரீட்டுக்குள் கம்பி இருக்கிறதே! வெட்டவெளிக்குப் போய், சாவிக்கொத்தையும் தூரமாக வைத்துவிட்டுச் சுற்றினோம். உடனே ஏற்றுக்கொண்டது.

தம்பி முதலாவது திரும்புகிற உயரத்தை 40 ஆக்கினான். பிறகு இரண்டு மீட்டருக்கு எழுப்பி அசையாமல் நிறுத்தினான். நடுக்கம் இல்லை. நான் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஐயா, பேட்டரி பாதிதான் இருக்கு, இறக்கிடட்டுமா?" என்றான்.

"இறக்குப்பா" என்றேன்.